கடலடியில் ஒரு பழுதுபார்ப்பு

நாம் அன்றாடம் புழங்கும் சொற்களுள் 'பழுதுபார்த்தல்' சற்றே நின்று நோக்கத்தக்கது. கெட்டுப்போன ஒன்றை மீண்டும் இயங்கச் செய்யும் தொழிலுக்குச் செப்பனிடுதல், சீர்செய்தல், திருத்துதல் என்று பல பெயர்கள் நம்மிடம் உண்டு. ஆயினும் பட்டறைகளில் நிலைத்த சொல் பழுதுபார்த்தல்தான். பழுதை நீக்குதல் என்றுகூட அது சொல்வதில்லை. பார்த்தல் என்றே சொல்கிறது. எங்கே கெட்டது, எதனால் கெட்டது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பதை உணர்ந்த கைகளே இச்சொல்லை ஆக்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நேர்ந்த பழுதை எப்படிப் பார்ப்பது? கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், இரண்டு மைலுக்கும் மேற்பட்ட ஆழத்தில், சூரிய ஒளியே புகாத சேற்றில் ஒரு கம்பிவடம் அறுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கைவிட்டுப் புதிதாக வேறொன்றை இடுவதுதானே அறிவுடைமை என்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகமும் அப்படித்தான் எண்ணியது. அந்த எண்ணம் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அட்லாண்டிக் கடலின் நடுவே மாறியது. அந்த வரலாற்றை இங்கே பார்ப்போம்.

கைவிடப்பட்ட வடங்கள்

கடலுக்கடியில் தந்தி வடம் இடும் முயற்சி 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே தொடங்கியது. அவ்வாண்டு இடப்பட்ட வடம் ஒரு நாளுக்குமேல் உழைக்கவில்லை. அடுத்த ஆண்டில் இரும்புக் கம்பிக் கவசத்தோடு இடப்பட்டது நிலைத்தது. அந்த வெற்றி தந்த துணிவில் அட்லாண்டிக் பெருங்கடலையே கடக்க முனைந்தார்கள்.

அயர்லாந்தின் வேலன்ஷியா தீவையும் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்தையும் இணைத்த முதல் வடம் 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் முற்றுப்பெற்றது. விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்து நூறு சொற்களுக்கும் குறைவானது. அது கடலைக் கடக்க ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அப்படித் திணறிய வடமும் பயன் இல்லாமல் போகவில்லை. அக்காலத்தில் இந்தியாவில் நிகழ்ந்த பெருங்கிளர்ச்சியை அடக்கக் கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளைக் கப்பலேற்றும்படி ஆணை போயிருந்தது. கிளர்ச்சி ஓய்ந்துவிட்டது, புறப்பட வேண்டாம் என்னும் செய்தி இவ்வடத்தின் வழியே சென்றது. அந்த ஒரு செய்தியால் பிரிட்டிஷ் அரசுக்கு 50,000 பவுண்டு மிச்சமானது என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் வடம் ஒரு மாதம்கூட முழுதாக வாழவில்லை. அது தொடக்கத்திலிருந்தே நோயுற்றிருந்தது. நடுவிலிருக்கும் செம்புக் கம்பியைச் சுற்றி மின்காப்பாக இருந்தது குட்டா பெர்ச்சா எனப்படும் மலாய்க் காட்டு மரத்தின் பால். வடம் வெயிலில் கிடந்தபோது அது இளகியிருந்தது. செம்புக் கம்பி சில இடங்களில் நடுவை விட்டு விலகியிருந்தது. குறிப்புகள் மங்கத் தொடங்கியபோது அதன் மின்பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தைச் செலுத்தினார். நலிந்திருந்த காப்பு முற்றிலும் சிதைந்தது. பழுது எங்கே, எத்தன்மையது என்று காணாமலேயே வலிமையைக் காட்டியதன் விளைவு அது. நூல் சிக்கலை அவிழ்க்கத் தெரியாதவன் இழுத்துப் பார்ப்பான் அல்லவா, அது போன்றதுதான்.

இந்தியாவை இலண்டனோடு இணைக்கச் செங்கடல் வழியாகக் கராச்சிவரை 1859, 1860 ஆண்டுகளில் இடப்பட்ட வடத்தின் கதி இன்னும் இரங்கத்தக்கது. கடலடியின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பத் தளர்வு விடாமல் இழுத்துக் கட்டியதுபோல் இட்டதால் அது துண்டு துண்டாக அறுந்தது. செய்திகள் ஓடாத அந்த வடத்திற்காக பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு 36,000 பவுண்டு வீதம் 50 ஆண்டுகள் கொடுக்கக் கடமைப்பட்டது. இத்தகைய தோல்விகளை ஆராய அமைக்கப்பட்ட குழு, அதுவரை உலகெங்கும் இடப்பட்ட ஏறத்தாழ 11,000 மைல் கடல் வடத்தில் 3,000 மைல் அளவே உழைக்கிறது என்று கண்டது. எஞ்சியவை கடலுக்குக் கொடுத்த காணிக்கை.

கடலடியில் கைவிட்ட ஒவ்வொரு மைல் வடத்தோடும் செம்பும் இரும்பும் மட்டும் போகவில்லை. குட்டா பெர்ச்சா மரத்திலிருந்து பால் எடுக்க, ரப்பர் மரத்தைப்போல் கீறிவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் அன்று இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரம் தந்த பாலோ மிகச் சிறிது. மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் இம்மரங்கள் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அரிதாகிவிட்டன. பழுதைப் பார்க்க முடியாத தொழிலின் விலையைக் காடுகளும் கொடுத்தன.

அளவுகோல் பிறந்த கதை

1858ஆம் ஆண்டின் தோல்வியிலிருந்து மிகுதியாகக் கற்றவர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர் இவரே. மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவியொன்றை அவர் அமைத்தார். காந்தத் துணுக்குகள் ஒட்டிய சிறு கண்ணாடி ஒன்று மெல்லிய இழையில் தொங்கும். விளக்கொளி அதில் பட்டுத் திரும்பி அளவுகோலின்மேல் ஓர் ஒளிப்புள்ளியாக விழும். வடத்தில் மின்னோட்டம் சிறிதளவு மாறினாலும் கண்ணாடி அசையும், புள்ளி நகரும். கடலடி வடத்தைப் 'பார்க்க' மனிதனுக்குக் கிடைத்த முதற்கண் அதுதான் எனலாம்.

இரண்டாவது தேவை அளவு. ஒரு கடல் மைல் நீளச் செம்புக் கம்பியின் மின்தடை இவ்வளவு என்று முன்பே அளந்து குறித்து வைத்திருந்தால், அறுந்த வடத்தின் மின்தடையைக் கரையிலிருந்தே அளந்து தொலைவைக் கணித்துவிடலாம். மைலுக்கு நான்கு ஓம் என்று கொள்வோம். அறுந்த முனை கடல்நீரைத் தொட்டுக் கிடக்க, கரைக் கருவி 4,800 ஓம் காட்டினால் முறிவு 1,200 மைலில் என்பது எளிய வகுத்தற்கணக்கு. நடைமுறையில் இதற்குப் பல திருத்தங்கள் வேண்டும் என்றாலும் அடிப்படை இவ்வளவே. ஆனால் ஓம் என்றால் எவ்வளவு என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு வேண்டுமே! 1861இல் தாம்சனின் தூண்டுதலால் அமைந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் குழு சில ஆண்டுகள் உழைத்து மின்தடைக்குப் பொது அளவொன்றை வகுத்தது. இன்று பள்ளிப்பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் ஓம் என்னும் அலகு இப்படி வளர்ந்ததில் கடலடியில் பழுது தேடியவர்களின் தேவைக்குப் பெரும்பங்கு உண்டு.

பழுதுபார்க்கையில் நேர்ந்த முறிவு

1864இல் வடம் செய்வோரும் மின்காப்புச் செய்வோரும் இணைந்து ஒரு நிறுவனம் கண்டார்கள். 'தந்தி அமைப்பு மற்றும் பராமரிப்பு நிறுவனம்' என்பது அதன் பெயர். அமைப்பதோடு பராமரிப்பையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது கருதத்தக்கது. இவர்கள் செய்த புதிய வடத்தில் கடல் மைலுக்குச் செம்பு 300 இராத்தல், குட்டா பெர்ச்சா 400 இராத்தல். முந்தைய வடத்தில் இவை முறையே 107, 261 இராத்தல் மட்டுமே. இந்தப் பெருஞ்சுமையைத் தனியாகத் தாங்கவல்ல கப்பல் அன்று உலகில் ஒன்றுதான் இருந்தது. புருனெல் கட்டிய, 692 அடி நீளமுள்ள 'கிரேட் ஈஸ்டர்ன்' அது. பயணிகளை ஏற்றி நட்டத்தில் மூழ்கியிருந்த கப்பலுக்கு இவ்வேலை மறுவாழ்வாக அமைந்தது.

1865 ஜூலை 23ஆம் நாள் வேலன்ஷியாவிலிருந்து கப்பல் வடத்தை விட்டுக்கொண்டே புறப்பட்டது. மறுநாளே மின்காப்பில் பழுது தென்பட்டது. பத்து மைலுக்குமேல் வடத்தைத் திரும்ப இழுத்துப் பார்த்தபோது, இரண்டு அங்குல அளவுள்ள கம்பித் துண்டு ஒன்று காப்பைத் துளைத்துக்கொண்டு செம்பைத் தொட்டிருந்தது. வெட்டி நீக்கிப் பிணைத்துப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். ஜூலை 29இல் மீண்டும் அதே வகைப் பழுது. கப்பலில் இருக்கும் எவரோ வேண்டுமென்றே செய்கிறார் என்ற ஐயம் எழுந்தது. வடத்தொட்டிகளுக்குக் காவல் வைத்தார்கள். உண்மையில் கவசக் கம்பிகளே நொறுங்கிக் காப்பில் குத்தியிருக்க வேண்டும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆகஸ்ட் 2ஆம் நாள் மூன்றாவது பழுது. இங்கே ஓர் அமைப்புக் குறையை நாம் கவனிக்க வேண்டும். வடத்தை வெளிவிடும் பொறி கப்பலின் பின்புறத்தில் இருந்தது; திரும்ப இழுக்கும் பொறியோ முன்புறத்தில் இருந்தது. பழுது நேரும்போதெல்லாம் வடத்தை வெட்டி, அதன் முனையைக் கம்பிக் கயிற்றில் கட்டி, அந்த மாபெரும் கப்பலைச் சுற்றிக்கொண்டு முன்புறத்திற்குக் கொண்டுவர வேண்டும். இவ்வாறு இழுக்கும்போதுதான் வடம் உராய்ந்து அறுந்து கடலுக்குள் போனது. ஏறத்தாழ 1,200 மைல் இட்டாகிவிட்டது. நியூபவுண்ட்லாந்து 600 மைலில் இருந்தது. அங்கே கடலின் ஆழம் 2,000 பாகம். பாகம் என்பது நம் மீனவர்களும் கையாளும் அளவுதான். ஆறு அடி கொண்டது.

கிணற்றில் வாளி விழுந்தால் நம் வீடுகளில் பாதாளக் கரண்டியைத் தேடுவார்கள். பொறியாளர் சாமுவேல் கேனிங்கும் அதையே செய்தார். ஐந்து கொக்கிகள் கொண்ட பெரிய இரும்புக் கரண்டியைக் கம்பிக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது அடியைத் தொடவே இரண்டு மணி நேரம் ஆனது. நான்கு முறை முயன்றார்கள்; மூன்று முறை வடம் சிக்கியது. கடலடியிலிருந்து பல நூறு பாகம் மேலெழுந்தும் வந்தது. ஒவ்வொரு முறையும் கயிறோ அதன் இணைப்பு வளையமோ தாங்காமல் அறுந்தது. கையிருப்புக் கயிறு தீர்ந்தபின் மிதவைகளை விட்டுவிட்டுக் கப்பல் திரும்பியது.

இது தோல்விதான். எனினும் அதனுள் ஒரு செய்தி இருந்தது. 2,000 பாகம் ஆழத்தில், விரல்மொத்தமே உள்ள வடத்தைக் கண்காணாமல் தேடிப் பிடிக்க முடிகிறது. பிடித்ததைத் தூக்கக் கயிறுதான் போதவில்லை.

ஓராண்டுக் காவல்

அறுந்த வடத்தின் கிழக்கு முனை வேலன்ஷியாவின் தந்தி நிலையத்தில் இருந்தது. 1858இன் மனப்போக்கு நீடித்திருந்தால் அதை அப்படியே விட்டிருப்பார்கள். இம்முறை அவ்வாறு விடவில்லை. நாள்தோறும் அளந்தார்கள். மின்காப்பு கெடவில்லை என்பதோடு, ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் மேலும் உறுதிப்பட்டிருப்பதும் தெரிந்தது. வடம் ஊமையாகிவிட்டதே தவிர இறந்துவிடவில்லை. மறுகோடியில் யாருமில்லாத வடத்தின் முன் ஓராண்டுக்கும் மேலாக மனிதர்கள் மாறி மாறி அமர்ந்து அந்த ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1866 ஜூலை 13இல் கிரேட் ஈஸ்டர்ன் புதிய வடத்தோடு மீண்டும் புறப்பட்டது. முந்தைய ஆண்டின் பாடங்கள் கப்பலெங்கும் தெரிந்தன. வெளிவிடும் பொறியே இப்போது திரும்ப இழுக்கவும் வல்லதாக மாற்றப்பட்டிருந்தது. வடத்தை ஒரு நொடியும் இடைவிடாது சோதிக்க வில்லோபி ஸ்மித் புதிய முறையொன்றை அமைத்திருந்தார். மீட்பு வேலைக்கென 30 டன் பளுவைத் தாங்கும் கயிறு 20 மைல் நீளத்திற்கு ஏற்றப்பட்டிருந்தது. ஜூலை 27இல் வடம் நியூபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் என்னும் மீனவச் சிற்றூரில் கரையேறியது. இரு கண்டங்களும் இணைந்துவிட்டன.

பெரும்பாலான நூல்களில் கதை இங்கே முடிந்துவிடும். நமக்கு இங்கேதான் தொடங்குகிறது. வெற்றி கைக்கு வந்தபின், ஓராண்டுக்குமுன் கடலில் விட்டதைத் தேடிப் போவானேன்? கணக்குத்தான் காரணம். 1,200 மைல் நல்ல வடம் அங்கே கிடக்கிறது. இன்னும் 600 மைல் சேர்த்தால் இரண்டாவது வழி ஆயத்தம். ஒன்று கெட்டால் மற்றொன்று உழைக்கும். ஆகஸ்ட் 9இல் கிரேட் ஈஸ்டர்ன் மறுபடியும் கடலுக்குள் சென்றது.

வடம் கிடக்கும் இடத்தை விண்மீன்களையும் சூரியனையும் நோக்கிக் கணித்துச் சொன்னவர்கள் கடற்படை அதிகாரி மோரியார்ட்டியும் கப்பலின் ராபர்ட் ஹால்பினும். முந்தைய ஆண்டில் மோரியார்ட்டி குறித்துவைத்த கணக்குத்தான் அந்தப் பெருவெளியில் வழிகாட்டி. வடம் கிடக்கும் கோட்டிற்குக் குறுக்கே கப்பலை மிதக்கவிட்டுக் கரண்டியை இழுத்துச் செல்வார்கள். கயிற்றின் இழுவிசையைப் பொறி ஒன்று காட்டும். பழகியவர்கள் கயிற்றின்மேல் கைவைத்தும் அறிவார்கள். வெறும் சேறு என்றால் ஒரு நடுக்கம்; வடம் என்றால் சீராக ஏறும் பாரம். கண்ணின் வேலையைக் கை செய்தது.

ஆகஸ்ட் 17இல் வடம் கடல்மட்டத்திற்கே வந்துவிட்டது. ஓராண்டாகப் புதைந்திருந்த சேறு அப்பிய வடத்தைக் கண்டு கப்பலே ஆரவாரித்தது. அதைக் கட்டிப் பிணைப்பதற்குள் சில நிமிடங்களில் நழுவி மீண்டும் மூழ்கிவிட்டது. தொடர்ந்த இரு வாரங்களில் மூடுபனியோடும் அலையோடும் போராடினார்கள். இடர்ப்பாடு எங்கே என்பதும் புலப்பட்டது. கடலடியில் கிடக்கும் நீண்ட வடத்தை ஓரிடத்தில் பற்றித் தூக்கினால் இருபுறத்துப் பாரமும் அந்த ஒரு புள்ளியில் கூடும். எந்தக் கயிறு தாங்கினாலும் வடம் தாங்காது.

ஆகவே பாரத்தைப் பங்கிட்டார்கள். கிரேட் ஈஸ்டர்ன் ஓரிடத்தில் வடத்தைப் பாதி உயரம் தூக்கி, மிதவையில் தொங்கவிட்டது. பின் மேற்கே சில மைல் சென்று மீண்டும் பற்றியது. இன்னும் மேற்கே துணைக்கப்பலான 'மெட்வே' வடத்தைப் பற்றியது. மெட்வேக்கு இடப்பட்ட ஆணை வியப்பானது. வேகமாகத் தூக்கி வடத்தை அறுத்துவிட வேண்டும்! மேற்குப் பக்கம் அறுந்து தளர்ந்தவுடன் கிரேட் ஈஸ்டர்ன் பற்றியிருந்த பகுதியின் இறுக்கம் குறைந்தது. காக்க வேண்டியதைக் காக்க, விடவேண்டிய சில மைலை விட்டார்கள். எதை வெட்டுவது என்று தெரிவதும் பழுதுபார்ப்பில் ஒரு பகுதியே.

செப்டம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு கடந்த வேளையில், ஏறத்தாழ முப்பதாவது முயற்சியில் வடம் கப்பல்மேல் ஏறியது. இம்முறை ஆரவாரம் இல்லை. முனையைச் சோதனை அறைக்குக் கொண்டுசென்றார்கள். கேனிங், தாம்சன், வில்லோபி ஸ்மித், இத்திட்டத்திற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்த அமெரிக்கர் சைரஸ் பீல்டு ஆகியோர் மூச்சடக்கி நின்றார்கள். வேலன்ஷியாவில் அந்நேரம் காவலிருந்தவர், ஓராண்டாக நோக்கமற்று அலைந்த ஒளிப்புள்ளி திடீரென ஒழுங்கோடு நகர்வதைக் கண்டார். எழுத்துகள் உருவாயின. சில நிமிடங்களில் மறுமொழி கப்பலை அடைந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த அந்த விடையைக் கேட்டு முதிய பொறியாளர்களும் கண்கலங்கினார்கள்.

பிணைத்த கைகள்

அடுத்து நிகழ்ந்ததைப் பற்றி வரலாற்று நூல்கள் ஒரு வரியில் 'வடம் பிணைக்கப்பட்டது' என்று சொல்லிச் செல்கின்றன. அந்த ஒரு வரிக்குள் உள்ள வேலை எளிதன்று. இரு செம்பு முனைகளையும் சரிவாக அராவி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, மெல்லிய கம்பி சுற்றிப் பற்றவைக்க வேண்டும். பிறகு சாராய விளக்கின் மெல்லிய சூட்டில் குட்டா பெர்ச்சாவை இளக்கி, விரல்களாலேயே அடுக்கடுக்காகப் போர்த்த வேண்டும். விரலில் வியர்வையோ தூசியோ இருந்தால், ஒரு காற்றுக்குமிழ் உள்ளே தங்கினால், 2,000 பாகம் நீரின் அழுத்தம் அதைக் கண்டுபிடித்துவிடும். இறுதியில் கவசக் கம்பிகளைப் பல அடி நீளத்திற்கு ஒன்றோடொன்று பின்ன வேண்டும். ஆடும் கப்பலில், காற்றில், இரவில் இதைச் செய்த பிணைப்பாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. வீரப்பட்டம் பெற்றவர்களின் பட்டியலில் கேனிங் உண்டு, தாம்சன் உண்டு. வடத்தைத் தாங்கிநின்றது அந்தப் பெயரற்ற விரல்களின் தூய்மை.

செப்டம்பர் 8ஆம் நாள் 1865ஆம் ஆண்டு வடமும் ஹார்ட்ஸ் கன்டென்ட் கரையை அடைந்தது. சில நாளில் லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியாளர் ஒரு சோதனை செய்தார். நியூபவுண்ட்லாந்தில் இரு வடங்களையும் இணைக்கச் செய்து, தையற்காரர் விரலில் அணியும் வெள்ளி விரலுறை ஒன்றில் சில துளி அமிலமும் ஒரு துத்தநாகத் துண்டும் இட்டு மின்கலமாக்கினார். அந்த மின்சாரம் கடலைக் கடந்து சென்று, மீண்டும் கடலைக் கடந்து திரும்பி, ஒளிப்புள்ளியை அசைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 2,000 வோல்ட் செய்ய முடியாததை ஒரு விரலுறை செய்தது. பார்க்கத் தெரிந்தவனுக்கு வலிமை அவ்வளவாக வேண்டியதில்லை.

புதிதாக இடப்பட்ட 1866ஆம் ஆண்டு வடம் 1872இல் உழைப்பை நிறுத்தியது. சேற்றிலிருந்து மீட்டுப் பிணைக்கப்பட்ட 1865ஆம் ஆண்டு வடமோ 1877வரை உழைத்தது. ஒட்டுப்போட்டது ஒருநாளும் புதியதற்கு ஈடாகாது என்போர்க்கு இதுவே விடை. ஒருநாள் அதுவும் பழுதுபார்க்க இயலாத நிலையை அடைந்தது உண்மைதான். பழுதுபார்ப்பு எதற்கும் சாகாவரம் தருவதில்லை. உரிய வாழ்நாளை வாழவிடுகிறது, அவ்வளவே.

நம் கடலும் நம் கணக்கும்

1866க்குப்பின் கடலடி வடம் சூதாட்டமாக இல்லாமல் பொதுப் பயன்பாடாக மாறியது. அறுந்தால் எடுத்துப் பிணைக்கலாம் என்ற உறுதி வந்தபின்னரே முதலீடு துணிந்து வந்தது. 1870இல் கிரேட் ஈஸ்டர்ன் ஏடனிலிருந்து பம்பாய்வரையிலான வடத்தை இட்டது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வடம் சென்றது. அதன் தொடர்ச்சியாக உலகெங்கும் பழுதுபார்க்கும் கப்பல்கள் துறைமுகங்களில் காத்திருக்கும் ஏற்பாடும் வளர்ந்தது. உதிரி வடமும் கரண்டியும் பிணைப்பாளர்களும் கொண்ட அக்கப்பல்களுக்கு வேலை இல்லாத நாள்தான் நல்ல நாள்.

இன்று செம்புக்குப் பதில் ஒளியிழை வந்துவிட்டது. முறிவின் இடத்தை அறிய ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். மற்றபடி ஆழ்கடலில் இன்றும் கொக்கிக் கரண்டியை இழுத்துத்தான் வடத்தைப் பிடிக்கிறார்கள். கப்பலில் மனிதக் கைகள்தான் பிணைக்கின்றன. ஆண்டுதோறும் உலகில் 150 முதல் 200 வரை பழுதுகள் நேர்கின்றன. 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பால் டோங்கா தீவு நாட்டின் வடம் அறுந்தபோது, பழுதுபார்க்கும் கப்பல் பாப்புவா நியூகினியிலிருந்து வந்து சேர்ந்து, ஐந்து வாரங்களுக்குப் பின்னரே வெளியுலகோடு வட இணைப்பு மீண்டது. கப்பல் அருகே இல்லாவிட்டால் ஒரு நாடே காத்திருக்க வேண்டும்.

நமக்கும் இக்கணக்கு உண்டு. சென்னைக் கரையில் சிங்கப்பூரிலிருந்தும் 2020 முதல் அந்தமானிலிருந்தும் வடங்கள் வந்து சேர்கின்றன. இந்தியக் கடற்பகுதியின் பழுதுகளுக்கு வெளிநாட்டுக் கப்பல்களையே நம்பியிருக்கும் நிலையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் சுட்டிக்காட்டியது. புதிய வடம் கரையேறும்போது விழா எடுக்கிறோம். பழைய வடத்தைப் பழுதுபார்க்கும் கப்பலுக்குக் கொடியசைப்பார் இல்லை. எந்தத் துறையிலும் நம் பொதுமனம் இவ்வாறே இயங்குகிறது. திறப்பு விழாக்களின் கல்வெட்டுகள் எங்கும் உண்டு. பழுதுபார்த்த நாளைக் குறித்த கல்லை நாம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1866ஆம் ஆண்டு மீட்புக்கு வேண்டியிருந்தவை நான்கு: இட்ட நாளிலேயே எடுத்துவைத்த அளவுகள், அறுந்த இடத்தைக் குறித்த நாட்குறிப்பு, போதிய கயிறு, ஊமையான வடத்தின் முன் ஓராண்டு உட்கார்ந்திருக்கும் பொறுமை. இவற்றுள் கயிற்றை மட்டுமே கடையில் வாங்க முடியும். மற்ற மூன்றும் ஒரு சமூகத்தின் பழக்கத்தில் இருக்க வேண்டியவை. அவை இல்லாத இடத்தில் கெட்டுப்போகும் ஒவ்வொன்றும் குப்பையாகவே தோன்றும். இருக்கும் இடத்தில் 2,000 பாகம் ஆழத்துச் சேற்றில் கிடப்பதும் நம்முடையதாகவே இருக்கும்.